வகுத்தல் பாடத்துக்கு அளவுக் கலன்கள் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
கணித ஆசிரியை,
அரசு தொடக்கப் பள்ளி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தொடக்கக் கல்வித் துறை.

பொருள்: வகுத்தல் பாடம் – திரவ அளவுக் கணக்குகள் – அளவுக் கலன்கள் வழங்கவும் விடைக்குறிப்பைத் தெளிவுபடுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

வகுத்தல் என்றால் பங்கிடுதல் என்றுதான் பிள்ளைகள் முதலில் படிக்கிறார்கள். ஒரு திரவம் எத்தனை பாட்டிலை நிரப்பும் என்று கேட்டால் கணக்கின் போக்கே வேறு. அங்கே பங்கு கேட்க ஆள் இல்லை. சிறிய அளவு பெரிய அளவுக்குள் எத்தனை முறை அடங்கும் என்று பார்க்க வேண்டும். கரும்பலகையில் மட்டும் இது விளங்குவதில்லை.

10 லிட்டர் தண்ணீரை 750 மி.லி. பாட்டில்களில் ஊற்றும் கணக்கையே பாருங்கள். 10,000 ÷ 750 என்று எழுதியதும், இரு எண்ணிலும் ஒரு சுழியை அடித்து 1000 ÷ 75 ஆக்கிவிடுகிறார்கள். ஈவு 13, சரிதான். மீதி 25 வந்ததும் "25 மி.லி. மிஞ்சும்" என்று எழுதுகிறார்கள். சுழியை அடித்தால் ஈவு மாறாது, ஆனால் மீதி பத்தில் ஒன்றாகிவிடும். உண்மையில் மிஞ்சுவது 250 மி.லி. தசமத்தில் போடுபவர்களோ 13.33-இல் நிறுத்தி, அந்த .33-ஐ லிட்டர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது ஒரு பாட்டிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பதினான்காவது பாட்டிலில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது.

கால் லிட்டர் குவளையும் இப்படித்தான். 6 ÷ ¼ = 24 என்றால், "வகுத்தால் குறையத்தானே வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மொண்டு ஊற்றி எண்ணிக் காட்டுவதே அதற்கு ஏற்ற பதில்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தேர்வில், மேற்கண்டது போன்ற கணக்கில் "முழுவதையும் ஊற்றி வைக்க எத்தனை பாட்டில் தேவை?" என்று கேட்டுவிட்டு, விடைக்குறிப்பில் ஈவை மட்டும் தந்திருந்தார்கள். மிச்சத்துக்கும் ஒரு பாட்டில் வேண்டும் என்று யோசித்து ஒன்றைக் கூட்டி எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் இல்லை. முழுதாக நிறைபவை 13, தேவைப்படுபவை 14. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

ஆகவே வகுப்புக்கு ஒரு தொகுதியாக 1 லிட்டர், 250 மி.லி., 100 மி.லி. அளவுக் கலன்களும் ஒரு வாளியும் வழங்க வேண்டுகிறேன். அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் கலன்களே போதும். நிறைபவை எத்தனை, தேவை எத்தனை, மீதி எவ்வளவு என்று வினாத்தாளில் பிரித்துக் கேட்கவும், மீதியை அலகோடு எழுதச் சொல்லவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணித ஆசிரியை