பூம்பாறைப் பூண்டுக்கு ஒரு வாசல்

குன்னூர்

அன்பு மாப்ளே,

போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதான் உட்கார்ந்து எழுதுகிறேன். லிங்க்ட்இன் என்பது ஐ.டி. பிள்ளைகள் வேலை தேடுகிற இடமாச்சே, பூண்டு வியாபாரிக்கு அங்கே என்ன ஜோலி என்றாய். உன் வியாபாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இப்போதைக்கு இல்லை என்பேன்.

இன்ஸ்டாகிராமில் உன் பூண்டைப் பார்க்கிறவர் கால் கிலோ கேட்பார். கட்டி கூரியரில் போட்டால் கூலிக்கே கட்டாது. நீ மூட்டைக் கணக்கில் விற்கிறவன். ஊறுகாய்க் கம்பெனியிலும், சித்த மருந்து தயாரிக்கும் இடத்திலும், பெரிய ஓட்டலிலும் சரக்கு வாங்குவதையே உத்தியோகமாக வைத்திருப்பவர்கள் லிங்க்ட்இன்னில் பெயர், பதவி, ஊரோடு இருக்கிறார்கள். ‘பர்ச்சேஸ் மேனேஜர்’ என்று தேடி, ஊரைக் கோயம்புத்தூர் என்று வைத்துப் பார். வடுகபட்டி மண்டியில் சொன்ன விலைக்குச் சரக்கை இறக்கிவிட்டு வருகிறாயே, அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போகிறதென்று இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரிந்ததுண்டா? அந்த ஆளோடு நேரே பேசலாம்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், இந்த மலைக்கு வந்து நூற்றெண்பது வருஷத்துக்கு மேலாகிறது. 1843ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது. நாங்கள் தைலம் காய்ச்ச ஆரம்பித்தது தாத்தா காலத்தில். சுற்றுலாக்காரர்களுக்கு எதையெதையோ கலந்து தைலம் என்று விற்பவர்களுக்கு நடுவே, அப்பாவின் சுத்தமான சரக்கும் அதே விலைக்குத்தான் போனது. அது எனக்குத் தீராத வருத்தம்.

என் லிங்க்ட்இன் பக்கத்தில் நான் விளம்பரம் எதுவும் போடவில்லை. கொப்பரையில் இலையை மிதித்து அடைப்பது, மூடியின் ஓரத்தைக் களிமண்ணால் பூசுவது, ஆவி குளிர்ந்து குழாய் வழியே சொட்டுவது, தண்ணீர்மேல் தைலம் தனியாக மிதந்து நிற்பது, அதை அப்பா அலுங்காமல் வடிப்பது என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் கீழே நாலு வரி எழுதினேன். நூறு கிலோ இலைக்குச் சுமார் ஒரு கிலோ தைலம்தான் தேறும் என்றும் எழுதினேன். விலை ஏன் இப்படி என்ற கேள்வி அத்தோடு பாதி அடங்கிவிட்டது.

சோப்பு தயாரிக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “சினியோல் எவ்வளவு, லேப் ரிப்போர்ட் இருக்கிறதா?” என்று கேட்டார். சினியோல்தான் தைலத்தின் முக்கியச் சத்து, மருந்துத் தரத்துக்கு அது நூற்றுக்கு எழுபதாவது இருக்க வேண்டும். ரிப்போர்ட் கையில் இருந்தது, உடனே அனுப்பினேன். அடுத்து அவர் கேட்ட அளவுதான் மலைக்க வைத்தது, டன் கணக்கு! எங்கள் ஒற்றைக் கொப்பரையில் மாதம் இவ்வளவுதான் இறங்கும், மழைக்காலத்தில் அதுவும் குறையும் என்று உள்ளதை எழுதினேன். ஆள் விலகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். விலகவில்லை. தன் உயர்ரகச் சோப்புக்கு மட்டும் எங்கள் தைலம் போதும் என்று எடுத்துக்கொள்கிறார். இப்போதெல்லாம் கொப்பரை இறக்கும் நாளில் அப்பாவே என்னைக் கூப்பிட்டு, “போட்டோ புடிக்கலையா?” என்கிறார். அவர் முகத்தில் அந்தக் களையைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று, மாப்ளே.

உன்னிடம் காட்ட என்னைவிட அதிகம் இருக்கிறது. பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டுப் புகைமூட்டம் போடுவீர்களே, சமவெளியில் யாருக்கும் அது தெரியாது. உங்கள் பூண்டு ஏன் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது என்பதை அந்தக் கரிபடிந்த பரணே சொல்லிவிடும். முதலில் அதை எழுது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதையும் சொல். ஆனால் அந்த முத்திரையை உன் பையில் அச்சடிக்குமுன், அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

பக்கத்தை உன் பெயரிலேயே தொடங்கு, கடைக்குத் தனிப் பக்கம் பிறகு போதும். கடைப் பலகையிடம் யாரும் பேச மாட்டார்கள், ஆளிடம்தான் பேசுவார்கள். பெயருக்குக் கீழே வரும் வரியில் ‘உரிமையாளர்’ என்று மட்டும் போடாதே. ‘பூம்பாறை மலைப்பூண்டு, மொத்த விற்பனை’ என்று இருக்கட்டும், தேடுகிறவர் கண்ணில் அதுதான் படும். ஜி.எஸ்.டி., உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் ஒரே கோப்பில் போனில் இருக்கட்டும். கேட்ட அன்றே அனுப்புகிறவனுக்குத்தான் அடுத்த கேள்வி வரும். ஒன்றில் மட்டும் கறாராக இரு: எவ்வளவு பெரிய கம்பெனிப் பெயரைச் சொன்னாலும், பேங்கில் பணம் ஏறாமல் முதல் லோடை மலையிறக்காதே.

மண்டியை ஒரேயடியாக விட்டுவிடாதே. மழையில் நனைந்த சரக்கையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு காசு கொடுப்பவர்கள் அவர்கள்தான். பத்தில் இரண்டு மூட்டை நேரே போனாலே உனக்கு விலை பேசுகிற தைரியம் வந்துவிடும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பனி இறங்கினால் கூடிவிடுகிறது. சின்னவள் பிளஸ் டூ எழுதுகிறாள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். உன்னைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் ஒரு பக்கம் தமிழிலேயே எழுதி அனுப்பு. பெரியவனை விட்டு இங்கிலீஷில் போடச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே