கோச் சார் நினைவாக நம் கோர்ட்டுக்கு விளக்குகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள பழைய மாணவர்களே, பெற்றோர்களே, பெரம்பூர் மக்களே,

நம் பாஸ்கெட்பால் கோச் சார் மறைந்த செய்தி இதற்குள் எல்லோருக்கும் வந்திருக்கும். எங்களால் இன்னும் நம்ப முடியவில்லை. பங்குனியில் முதுகு வலிக்கிறது என்றார். வருஷக்கணக்காக சிமெண்ட் தரையில் நின்றதன் வலி என்றே நினைத்தார். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்தது. ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. ஆனி முடிவதற்குள் போய்விட்டார். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருப்பதால் அங்கே வரும் கட்டி கைக்குத் தட்டுப்படாது. பெரும்பாலோருக்கு அது வெளியே தெரியும்போது முற்றியிருக்கும். காரணமில்லாமல் எடை குறைந்து முதுகுவலியும் விடாமல் இருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

சாரிடம் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதம் ரிங்கைப் பார்த்துப் பந்தை எறிந்ததே இல்லை. நிற்பது, திரும்புவது, கால் மாற்றுவது, இவ்வளவுதான். திரும்பும்போது தரையில் ஊன்றியே இருக்க வேண்டிய பிவட் கால் நகர்ந்தால் விசில் வரும். சலித்துப்போய் நின்றுவிட்டவர்களை வீட்டுக்கே போய்க் கூட்டிவருவார். சின்னப் பிள்ளைகளுக்கு 3.05 மீட்டர் உயர ரிங் எட்டாது என்று, காம்பவுண்டு ஓரமாக மினி பாஸ்கெட்பால் அளவான 2.60 மீட்டரில் இன்னொரு ரிங் மாட்டினார். அதற்கான 5ஆம் நம்பர் பந்துகளையும் சொந்தக் காசில் வாங்கினார். அங்கே தொடங்கிய சிலர் இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்க்கிறார்கள். அப்படி வேலை கிடைக்காதவர்களைப் பற்றியும் அதே பெருமையோடுதான் பேசுவார். அவரிடம் எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அவருக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. பள்ளி விட்டு, பஸ் பிடித்து, பிள்ளைகள் கோர்ட்டுக்கு வர ஐந்து மணியாகிவிடும். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை விட்டுவைக்கப் பெற்றோர் தயங்குவது நியாயம்தானே. விளக்கு வேண்டும் என்று சார் கேட்டுக்கொண்டே இருந்தார். குடும்பத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று நாங்கள் போனபோது, அவர் துணைவியார் எதையும் வாங்க மறுத்து, அந்த விளக்கைப் போடச் சொன்னார்.

கோர்ட்டின் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு எல்.இ.டி. விளக்கு பொருத்த வேண்டும். ஓடிவரும் பிள்ளைகள் மோதாமல் இருக்க, கம்பங்கள் கோட்டிலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளியே நிற்கும். மாநகராட்சி மைதானம் என்பதால் அனுமதிக்கு மனு கொடுத்திருக்கிறோம். அது கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். கம்பம், கேபிள், எர்த்திங், கூலி எல்லாம் சேர்த்து சுமார் 4.5 லட்சம் ரூபாய் ஆகும். கரண்ட் பில்லைப் பற்றித்தான் குழுவில் அதிகம் பேசினோம். விளக்கு போட்டுவிடலாம், அதை வருஷக்கணக்கில் எரியவிடுவதுதான் கஷ்டம். அதனால் மாதம் 100 ரூபாய் தருகிறேன் என்று சொல்பவர்களும், ஒரே தடவையில் பெரிய தொகை தருபவர்களைப் போலவே எங்களுக்குத் தேவை.

பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் கோர்ட் வாசலில் ஒட்டப்படும். எங்களுக்கு 80ஜி பதிவு இல்லை, ஆகவே வருமான வரிவிலக்கு கிடைக்காது. அனுமதி வராமல் போனால் கொடுத்தவர்களுக்கே பணத்தைத் திருப்பித் தருவோம்.

நன்கொடையை ஞாயிறு காலைப் பயிற்சி நேரத்தில் பொருளாளரிடம் தரலாம், ஜிபேயிலும் அனுப்பலாம். சாரிடம் பயின்றவர்களில் எலக்ட்ரீஷியன்கள், வெல்டர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூலிச் செலவில் பெரும்பகுதி உங்களால் மிச்சமாகும்.

இப்படிக்கு,
நினைவுக் குழுவினர், பெரம்பூர், சென்னை