பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ்

நாமக்கல்

கண்ணு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டி என்றாலும் பேட்டரி டெர்மினலில் பச்சை பூக்கவில்லை. நன்றாக வைத்திருந்தவர்கள் கையிலிருந்துதான் வாங்கியிருக்கிறாய். மற்ற வண்டிக்காரர்களோடு பேசுகிற ரேடியோவை நீயே மாட்டப்போகிறேன் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பயம், எனக்குச் சந்தோஷம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். பேனட்டைத் திறந்து வைத்துவிட்டு இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் ஒரு விஷயம், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொல்லாமல் விட்டது. பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு லாரிக்கு டேப் செட் மாட்டினேன். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, ஃபியூஸை செட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒயர் தகட்டு ஓட்டை வழியாகக் கேபினுக்குள் போனது. அந்த ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடவில்லை. நாலு மாதம் கழித்துத் தகட்டு விளிம்பு ஒயரை அறுத்து, பாடியில் தொட்டு, தீப்பிடித்தது. டிரைவர் குதித்து, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் முதலில் அந்த ஃபியூஸைத்தான் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கம்பி அறாமல் அப்படியே இருந்தது. ஷார்ட் ஆனது பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில். ஃபியூஸுக்கு அது தெரியவே இல்லை. டிரைவருக்குக் கை வெந்திருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ரேடியோவுக்கு மட்டும் காவல் இல்லை, முழு ஒயருக்கும் காவல். செட்டோடு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் வந்ததோ அதையே போடு. அடிக்கடி போகிறதே என்று பெரியதை மாற்றிவிடாதே. ஏன் போகிறது என்று தேடு.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினாலே போதும் என்று உன் கூட வேலை செய்பவர் சொன்னாராம். உன் செட் 5 வாட்தான், பேசும்போதுகூட 2 ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் இழுக்கும். அதனால் வேலை செய்யும். ஆனால் உங்கள் ஆஸ்திரேலியாவில் கால்கூர்லி ஊரை விட்டு மண் ரோட்டில் இறங்கினால் ரோடே அலை அலையாக இருக்கும் என்று நீதானே சொன்னாய்? அந்தக் குலுக்கலில் சொருகிய பிளக் நிற்காது. வேண்டிய நேரத்தில் அறுந்து போகிற ரேடியோ எதற்கு?

வேலை ஆரம்பிக்கும் முன் நெகட்டிவைக் கழற்றிவிடு. உன் நெகட்டிவ் டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று, பிளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அது பேட்டரியில் போகிற வருகிற கரண்டைக் கணக்கெடுக்கிற சென்சார். ரேடியோவின் கறுப்பு ஒயரை டெர்மினலிலேயே முறுக்கினால் கணக்கு தப்பும். பேட்டரி எர்த் கேபிள் பாடியில் இறங்குகிற போல்ட்டில் கொடு. பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு ஒயர் முனையில் பிடித்த லக்கை, அதாவது அந்த உலோக வளையத்தை, வைத்து இறுக்கு, மேலே கொஞ்சம் வாசலின் தடவு.

கேபினுக்குள் நுழைய புதிதாக ஓட்டை போடாதே. மெயின் ஒயரிங் போகிற பெரிய ரப்பர் இருக்கும், அதன் ஓரமாக ஒயரை விடு. ஸ்டீயரிங் ராடு, பெடல், சூடான பைப் மூன்றுக்கும் எட்டாமல் கட்டு. மஞ்சள் உறை, மஞ்சள் பிளக் கண்ட இடத்தில் கை வைக்காதே. அது ஏர்பேக் ஒயர்.

ஆன்டெனாவை முன்பக்க பாரில் வை. கடையில் 3 டிபிஐயா, 6.6 டிபிஐயா என்று கேட்பார்கள். ஆன்டெனா சக்தியை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதன் அளவு அது. செட் கொடுக்கிற சக்தி இரண்டிலும் ஒன்றுதான். உருண்டை மாவைத் தட்டினால் அகலமாகப் பரவுகிற மாதிரி, 6.6 அதைத் தரையோடு தட்டிப் பரப்பும். உன் பக்கம் மாதிரி சமவெளிக்கு அதுதான். மலைப் பிரதேசத்துக்கு 3. கேபிளை ஆன்டெனாவில் மாட்டும் முன் மல்டிமீட்டரில் பார்: நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் தொடர்பு காட்டக் கூடாது. ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை ஒரு தடவைகூட அழுத்தாதே. போன சக்தி வெளியேற வழியில்லாமல் திரும்பிச் செட்டைச் சுடும். அப்படித் திரும்பி வருவது அதிகமா என்று காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பார், 1.5-க்குள் இருந்தால் நிம்மதி, 3 காட்டினால் நிறுத்திவிட்டுக் கனெக்டரைப் பிரி.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மா அமெச்சூர் ரேடியோவில் அந்தமான் செய்திகளை அனுப்பியதைப் பேப்பரில் வாசித்துக் காட்டினேன். "டவரே இல்லாம எப்படிப்பா பேசுனாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதில் இப்போது உன் டேஷ்போர்டில் வரப்போகிறது.

நாங்கள் வந்திருந்தபோது லியோனோரா ரோட்டில் ஒரு ரோடு ட்ரெயினை, பல டிரெய்லர்களை இழுத்துப் போகிற அந்த லாரியை, தாண்டினாயே, அந்த இரண்டு நிமிஷம் நான் மூச்சு விடவில்லை. ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம், புழுதியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. இனி லாரிக்காரர்கள் பேசுகிற 40-ஆம் சேனலில் கேட்டுவிட்டுத் தாண்டு, டிரைவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியும். 5, 35 இரண்டும் ஆபத்துக்கு மட்டும். அதில் ஊர்க்கதை பேசாதே, ஆனால் வண்டி நின்று தண்ணீர் குறைந்தால் கூச்சப்படாமல் 5-இல் கூப்பிடு.

லக்கை ஒயரில் நசுக்கிப் பிடிக்கிற என் கிரிம்பிங் பிளையரை அம்மா பருப்புப் பொடியோடு கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிற காலத்திலிருந்து இருக்கிறதே, அதே பிளையர். அது வரும்வரை லக் வேலையை ஆரம்பிக்காதே.

மாட்டி முடித்ததும் ரேடியோவைப் படம் எடுக்க வேண்டாம். பேட்டரியை எடு. ஃபியூஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அப்பா