நான்கு குப்பிகளும் உன் மூக்கும்

ஐந்தோவன், நெதர்லாந்து,
பிப்ரவரி 9

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டு உன் கோப்பையைப் பறித்துவிட்டன என்றும், இனி நான் குடிப்பதை எழுதினால் படித்தாவது ஆறுதல் அடைவேன் என்றும் எழுதியிருந்தாய். கூடவே வழக்கமான குத்தலும் இருந்தது: கூப்பிடு தூரத்தில் ஸ்காட்லாந்து இருக்க, ஊர் பேர் தெரியாத டென்மார்க்காரனிடமும் பின்லாந்துக்காரனிடமும் அப்படி என்னத்தைக் கண்டாய் என்று கேட்டிருக்கிறாய். சர்க்கரை ஆலையின் டிஸ்டில்லரியில் முப்பது வருடம் கெமிஸ்டாக இருந்து, ஆய்வக அறிக்கை கைக்கு வருமுன்பே முகர்ந்து பார்த்து ஸ்பிரிட்டின் குறையைச் சொன்னவன் நீ. உனக்கு மேலோட்டமாகப் பதில் எழுதினால் அடுத்த கடிதத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு நான்கு குப்பிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் தானியத்தை ஊறவைத்து வடித்ததாக இருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும். குப்பியில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நீ ரசிக்கக்கூடிய விதி இன்னொன்று உண்டு. வடிக்கும்போது ஆல்கஹால் 94.8 சதவீதத்தை எட்டக் கூடாது. அதைத் தொட்டுவிட்டால் எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் போய்விடும் என்பது இதன் உட்பொருள். நீங்கள் கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து இறக்கிய ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டை எந்த அளவுக்குத் தூய்மையாக்க முடியுமோ அந்த அளவுக்குத் தூய்மையாக்குவதுதான் உன் வேலையாக இருந்தது. இங்கே அந்தத் தூய்மைதான் குற்றம். நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, அந்த மொலாசஸ் ஸ்பிரிட் கலந்ததால், இந்த ஊர்ச் சட்டப்படி விஸ்கியே ஆகாது என்று நான் சொன்னபோது கல்லூரி நாட்களில் நீ சண்டைக்கு வந்ததை மறக்கவில்லை. அன்று என்னிடம் ஆதாரம் இல்லை, இன்று இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்ட நான்கில் மூன்று ரை தானியத்தில் செய்தவை. ரை என்பதை ஐரோப்பாவின் புன்செய்த் தானியம் என்று நினைத்துக்கொள். கோதுமை வராத மணற்பாங்கான மண்ணிலும், பல்லைக் கிட்டும் குளிரிலும் அது விளையும். நம் பக்கத்தில் கம்பும் வரகும் எந்த இடத்தில் இருந்தனவோ, வடக்கு ஐரோப்பாவின் ஏழை வீடுகளில் அது அந்த இடத்தில் இருந்தது. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கிக்கு, அதாவது முளை கட்டிய தானியத்தில் வடிப்பதற்கு, வாற்கோதுமை என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. ஆனால் இந்தச் சிறு டிஸ்டில்லரிகளில் சில, ஸ்காட்லாந்தைப் பார்த்துப் பிரதி எடுக்காமல், தங்கள் பாட்டிமார்கள் ரொட்டி சுட்ட தானியத்தையே கொப்பரையில் போட்டன. என்னை இழுத்தது இதுதான்.

முதல் குப்பி எனக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. பார்லே-நாசாவ் என்ற ஊரைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன்: நெதர்லாந்தும் பெல்ஜியமும் தெருவுக்குள் தெரு பின்னிக் கிடக்கும் ஊர், நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளால் எல்லை வரைந்திருக்கும். அங்கே 1975-இல் தொடங்கியது ஸௌடாம் குடும்பத்தின் டிஸ்டில்லரி. அவர்களுடைய பழைய தொழில் யெனீவர். ஜூனிப்பர் காய் போட்டு வடிக்கும் இந்த நாட்டு மது அது. அதன் பழைய வகைகளில் ரை சேர்வது வழக்கம் என்பதால் ரையின் குணம் அவர்களுக்குப் புதிதல்ல. விஸ்கிக்கு மில்ஸ்டோன் என்று பெயர். தானியத்தைக் காற்றாலைகளில் அரைத்து வாங்குவதால் வந்த பெயர். நான் வாங்கியது '100 ரை': நூறு சதவீதம் ரை, நூறு மாதம் பீப்பாயில், அமெரிக்கக் கணக்கில் நூறு புரூஃப், அதாவது 50 சதவீதம். விளம்பரத்துக்காகச் செய்த எண் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் நூறு மாதம் என்றால் எட்டு வருடத்துக்கும் மேல். சிறிய டிஸ்டில்லரி அவ்வளவு காலம் பணத்தை மரத்துக்குள் முடக்கி வைப்பது விளையாட்டல்ல.

இரண்டாவது டென்மார்க்கின் ஸ்டௌனிங். மேற்கு ஜட்லாந்தில் 2005-இல் ஒன்பது நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. அவர்களில் ஒரு மருத்துவரும் ஒரு இறைச்சிக்கடைக்காரரும் ஒரு ஹெலிகாப்டர் விமானியும் உண்டு. இடம் தேடி அலையாமல் பழைய இறைச்சிக்கூடத்திலேயே வேலையை ஆரம்பித்தார்கள். முளை கட்டிய தானியத்தை அரைக்க அங்கிருந்த கொத்துக்கறி இயந்திரமே உதவியிருக்கிறது. இன்று பெரிய கட்டடம் இருக்கிறது, பெரிய நிறுவனத்தின் முதலீடும் வந்துவிட்டது. ஆனாலும் தானியத்தைத் தரையில் பரப்பியே முளை கட்டுகிறார்கள்; நேரடி நெருப்பில் காயும் சிறிய செம்புக் கொப்பரைகள் இருபத்து நான்கை வரிசையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று பெரிய கொப்பரைகளில் முடிக்கிற வேலையை இப்படிப் பிரிப்பது கணக்குப் பார்ப்பவன் செய்கிற காரியமல்ல. அடுப்பு நேராகப் பிடிக்கும்போது அடியில் லேசாகத் தீயும் சுவை வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள்.

மூன்றாவது பின்லாந்தின் க்யூரோ, அரை லிட்டர் குப்பியில் வருவது. 2012-இல் சானா நீராவி அறையில் உட்கார்ந்து அமெரிக்க ரை விஸ்கி குடித்த நண்பர்களுக்கு, இவ்வளவு ரை ரொட்டி தின்னும் நம் நாட்டில் ஏன் யாரும் இதைச் செய்யவில்லை என்ற கேள்வி வந்ததாம். இசோக்யூரோ என்ற ஊரில் பழைய பால்பண்ணை ஒன்றைப் பிடித்து 2014-இல் வடிக்கத் தொடங்கினார்கள். விஸ்கி முதிரும்வரை வயிறு கழுவ ஜின் விற்றார்கள். ஜின்னுக்குப் பீப்பாய் தேவையில்லை, இன்று வடித்தால் சீக்கிரமே காசு. 2015-இல் லண்டன் போட்டியொன்றில் ஜின்-டானிக்குக்கு ஏற்ற ஜின் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது, வண்டி ஓடியது. விஸ்கியில் முளை கட்டிய முழு ரையைத் தவிர வேறு தானியமே இல்லை.

இங்கேதான் உனக்கு ஒரு செய்தி. ரையில் பிசுபிசுப்பான பசைப்பொருள் மிகுதி என்பதால் ஊறல் கூழ்போல் கெட்டிப்பட்டு வடிகட்டியை அடைத்துக்கொள்கிறது. நுரை பொங்கித் தொட்டியை விட்டு வழிகிறது. இதைப் படித்ததும், உங்கள் ஊறல் தொட்டியில் நுரை பொங்கிய ஓர் இரவில் அதை அடக்கும் டர்க்கி ரெட் ஆயில் தீர்ந்துபோய், நீ சைக்கிளில் கிடங்குக்கும் தொட்டிக்கும் ஓடிய கதை நினைவுக்கு வந்தது. நுரை எந்த நாட்டிலும் கெமிஸ்டைத் தூங்க விடுவதில்லை போலிருக்கிறது.

நான்காவது குப்பி வேறு சாதி. பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில், ப்ளோமெலின் என்ற ஊரில் உள்ள மென்ஹீர் டிஸ்டில்லரியின் எட்யூ. பக்வீட்டில் செய்தது, அந்த வட்டாரத்தின் உப்புத் தோசையான கலெத் இந்த மாவில்தான் சுடப்படுகிறது. பிரித்தானி மொழியில் 'எட்யூ' என்றாலே கருப்புத் தானியம். தாவரவியல்படி இது புல்லினமே அல்ல. ஆகையால் இது தானியமா, இதில் வடித்தது விஸ்கியா என்ற வம்பு ஓயவில்லை; நான் அதில் தலையிடப் போவதில்லை.

இனிச் சுவைக்கு வருகிறேன். முதல் சனிக்கிழமை நான் செய்தது முழு முட்டாள்தனம். மதிய உணவில் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டதோடு, 50 சதவீத மில்ஸ்டோனை முதலில் ஊற்றினேன். அதற்குப் பிறகு வந்த மூன்றும் எனக்குத் தண்ணீர்போல் இருந்தன. குறிப்பேட்டில் ஸ்டௌனிங்குக்கு 'சப்பை' என்றே எழுதி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஊறுகாய் இல்லை, வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதாக எட்யூ, க்யூரோ, ஸ்டௌனிங், மில்ஸ்டோன் என்று வரிசை. அது முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, என் மனைவி மூன்று ரைகளையும் ஒரே மாதிரிக் கோப்பைகளில் ஊற்றி, அடியில் ஒட்டுத்தாளில் எண் எழுதி இடம் மாற்றி வைத்தாள். நான் மில்ஸ்டோனை மட்டும் சரியாகச் சொன்னேன். டென்மார்க்கையும் பின்லாந்தையும் மாற்றிச் சொன்னேன். உன்னிடம் மறைப்பானேன்.

பெயர் தெரிந்த பிறகு வித்தியாசம் இன்னும் நன்றாகப் புலப்பட்டது, சண்முகம். மில்ஸ்டோனில் மூக்குக்கு முதலில் வருவது மரம்: தச்சுப்பட்டறையில் புதிதாக இழைத்த சீவல், பிறகு கிராம்பு, வனிலா. நாக்கில் வைத்ததும் சுக்குக் காபியின் காரம். நான்கு சொட்டு நீர் விட்டதும் காரம் அடங்கி, வெல்லப்பாகு முறுகும் பதத்தின் வாசனை மேலே வந்தது. நல்ல விஸ்கிதான், ஆனால் அதில் பேசுவது பாதிக்கு மேல் பீப்பாய். ஸ்டௌனிங்கும் உட்புறம் கரித்த புதிய ஓக்கில் இருந்ததுதான், ஆனாலும் தானியம் அதில் அமிழ்ந்து போகவில்லை: பேரீச்சை, வெண்ணெய் தடவிய கருப்பு ரொட்டி, கடைசியில் அடிப்பிடித்த பால்கோவாவைச் சுரண்டித் தின்னும்போது வருகிற அந்த இனிய கசப்பு. க்யூரோ மூன்றிலும் மெலிந்தது, வெளிப்படையானது. தேன், வெண்மிளகு, ஈர வைக்கோல். விழுங்கிய பிறகு வாயில் ரொட்டி மேலோட்டின் புளிப்பு. வயதின் போதாமை அதில் தெரிகிறது, ஒரு பச்சை வாடை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இது எந்தத் தானியம் என்று கேட்டால் அதுதான் முதலில் பதில் சொல்லும்.

எட்யூ என்னை ஏமாற்றியது. பூமணமும் ஆரஞ்சுத் தோலும் மூக்கில் அழகாக எழுந்து, நாக்கில் வந்ததும் கைவிட்டுப் போய்விட்டன. உன்னைப்போல் முகர மட்டுமே அனுமதி உள்ளவனுக்கு அதுதான் முதல் பரிசு.

எனக்கு மறுபடி வாங்கத் தோன்றுவது ஸ்டௌனிங். விலைதான் உறுத்துகிறது, அதே பணத்துக்குப் பன்னிரண்டு வயது ஸ்காட்ச் தாராளமாகக் கிடைக்கும். சிறியவர்களால் விலையைக் குறைக்க முடியாது, விற்காமலும் இருக்க முடியாது. 1999-இல் தொடங்கிய ஸ்வீடனின் மாக்மிரா 2024 ஆகஸ்டில் திவாலுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயிற்று. இரண்டுமே உள்ளூர் மண்ணையும் மரத்தையும் பற்றி அக்கறையோடு வேலை செய்தவை. அதனால்தான் முதிராததை அவசரமாகக் குப்பியில் அடைக்கிறார்கள் என்று குறை சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நாக்கு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவாத கோப்பைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஆல்கஹால் முழுதும் பறந்துபோயிருந்தது. மில்ஸ்டோன் கோப்பையில் மரப்பெட்டி வாசனை, க்யூரோவினுடையதில் ரொட்டிக்கடை, எட்யூவில் எதுவுமே இல்லை. ஸ்டௌனிங் கோப்பையில் ஏதோ ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த வாசனை, பெயர் மட்டும் வரவில்லை. டிசம்பரில் ஊருக்கு வரும்போது நான்கிலும் கொஞ்சம் சிறு குப்பிகளில் கொண்டுவருகிறேன். பெயரை நீதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் எழுது. செம்பு, ஆவியில் உள்ள கந்தக வாடையைப் பிடித்துக்கொள்கிறது என்பதால்தான் இவர்கள் செம்புக் கொப்பரையை விடுவதில்லை. உங்கள் ஆலையின் வடிகலத்தில் தட்டுகள் செம்பாக இருந்தனவா, எஃகாக இருந்தனவா? மாற்றியிருந்தால், மாற்றிய பிறகு வாசனையில் உனக்கு வித்தியாசம் தெரிந்ததா?

என்றும் உன்,
கதிரேசன்