முதல் ஆக்‌ஷன் படம் எடுக்கப்போகும் இயக்குநருக்கு

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய படப்பிடிப்புத் திட்டத்தை முழுக்கப் படித்தேன். கிளைமாக்ஸ் சண்டைக்கு ஆறு நாள், கார் துரத்தலுக்கு நான்கு நாள், மாடியிலிருந்து விழும் காட்சிக்கு ஒரு நாள் என்று பிரித்திருக்கிறீர்கள். ரிகர்சலுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஸ்டண்ட் மாஸ்டர் முதல் நாள் படப்பிடிப்பன்றுதான் வருகிறார். ஆயுதப் பொறுப்பாளர் என்று தனியாக யாரும் கிடையாது. கலைத் துறை உதவியாளர் ஒருவரின் பெயருக்கு எதிரே 'துப்பாக்கி' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். செலவைக் குறைக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் ஆக்‌ஷன் படத்தில் ஆட்களைத் தாமதமாக அழைத்தால் செலவு ஏறும், ஆபத்தும் கூடும். யாரை எப்போது அழைக்க வேண்டும், ஏன் என்பதை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

மாஸ்டரில் தொடங்குகிறேன். லொகேஷன் முடிவாகும் முன்பே அவர் உங்களோடு இருக்க வேண்டும். நீங்கள் ஒரு கிடங்கைப் பார்த்தால் வெளிச்சத்தையும் தூண்களின் அழகையும் பார்ப்பீர்கள். அவர் கூரையின் இரும்பு உத்திரத்தைப் பார்ப்பார். ரோப் கட்டி ஆளைத் தூக்க அந்த உத்திரம் தாங்குமா, தாங்காவிட்டால் கிரேன் நிற்க வெளியே இடம் இருக்கிறதா, தரை வழுக்குமா, ஆள் பின்னால் பறந்து விழும் பாதையில் தூண் குறுக்கிடுகிறதா என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் படும். செட் போடுவதாக இருந்தால் இன்னும் முக்கியம். எந்தச் சுவரில் ஆள் மோதுகிறார், எந்த மேஜை உடைகிறது, எந்தப் படிக்கட்டின் விளிம்புக்கு ரப்பர் வேண்டும் என்பது கலை இயக்குநர் கையில் செட் கட்டும் முன்பே இருக்க வேண்டும். கட்டி முடித்த சுவரை இடித்து மென்சுவராக மாற்றும் நாளில் மொத்த யூனிட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அடுத்து ரிகர்சல். ஒரு காலி ஹால் போதும். செட்டின் அளவை அப்படியே தரையில் சாக்பீஸால் வரையுங்கள். சுவர், மேஜை, கதவு இருக்கும் இடங்களில் அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். மாஸ்டர் தன் ஃபைட்டர்களை வைத்து சண்டையை அமைப்பார். அதை மொபைலிலேயே ஷாட் ஷாட்டாக எடுத்து, எடிட் செய்து, தற்காலிகமாக ஒலியும் சேர்த்துப் பாருங்கள். அந்த வீடியோவின் ஒவ்வொரு வெட்டும் உங்களுக்கு ஒரு ஷாட். எந்த ஷாட்டில் நடிகர் முகம் தெரிய வேண்டும், எதில் டூப் போதும், எதில் ரோப், எதில் உடையும் பொருள் என்று அப்போதே பக்கத்தில் எழுதிவிடலாம். ரோப்பும் கண்ணாடியும் இல்லாத சாதாரண சண்டையில் ஒரு நாளைக்கு 20 ஷாட் முடிந்தால் அது நல்ல வேகம். உங்கள் கிளைமாக்ஸுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை இந்தக் கணக்கிலிருந்துதான் சொல்ல முடியும். ஆறு நாள் என்று இப்போது நீங்கள் போட்டிருப்பது உத்தேசம்தான்.

இந்த ரிகர்சலுக்கு ஒளிப்பதிவாளர் ஒரு நாளாவது வர வேண்டும். காரணம், குத்து விழுந்ததாகக் காட்டுவது லென்ஸ்தான். முஷ்டி முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. குத்துபவரின் தோளுக்குப் பின்னாலோ, வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ கேமராவை வைத்தால் அந்த இடைவெளி பார்வைக் கோட்டிலேயே மறைந்துவிடும். 85 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீள லென்ஸைப் போட்டு, அதற்கேற்பக் கேமராவும் பின்னால் தள்ளி நின்றால் இருவரும் இன்னும் நெருங்கித் தெரிவார்கள். அதே குத்தைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் நடுவே இருக்கும் காற்று அப்படியே தெரியும். கேமரா நின்ற இடத்திலிருந்து அரை அடி நகர்ந்தாலும் குத்து பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வொரு டேக் முடிந்ததும் மானிட்டரில் சண்டையின் வேகத்தைப் பார்க்கும் முன், முஷ்டி தாடைக் கோட்டைக் கடந்ததா என்று பாருங்கள். கடக்கவில்லை என்றால் எடிட்டிங்கில் அதைக் காப்பாற்ற வழியில்லை.

இன்னொன்று, குத்தை நம்ப வைப்பவர் அதை வாங்குபவர்தான். முஷ்டி இடமிருந்து வலமாகப் போனால் அவர் தலையும் இடமிருந்து வலமாகத் திரும்ப வேண்டும். கண் முதலில், தாடை அடுத்து, தோள் கடைசியில். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 24-ல் ஒரு பங்கு. ரியாக்‌ஷன் மூன்று ஃபிரேம் தாமதமானாலே பார்ப்பவருக்கு ஏதோ இடிக்கும். முன்கூட்டியே தலை திரும்பிவிட்டால் இன்னும் மோசம். கதாநாயகனுக்குப் பயிற்சி கொடுக்கும் எல்லோரும் அடிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். நீங்கள் மாஸ்டரிடம் கேட்டு, அவருக்கு அடி வாங்கவும் விழவும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். வேகம் போதவில்லை என்று நடிகரை விரட்டாதீர்கள். 22 ஃபிரேமில் எடுத்தால் திரையில் ஏறக்குறைய 9 சதவீதம் வேகம் கூடும், கண்ணுக்குத் தெரியாது. 20-க்குக் கீழே போனால் நடையிலும் உடையின் அசைவிலும் காட்டிக்கொடுத்துவிடும்.

டூப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். தோள் அகலம், கழுத்து நீளம், நடை இவைதான் முதுகுப்புற ஷாட்டில் பேசும். டூப் வந்ததும் முதல் வேலையாக அவரை உடை வடிவமைப்பாளரிடம் அனுப்புங்கள். உங்கள் கிளைமாக்ஸில் கதாநாயகன் சட்டைக்கு மூன்று நிலை இருக்கிறது: சுத்தமானது, கிழிந்தது, ரத்தம் தோய்ந்தது. நிலைக்கு இரண்டு நடிகருக்கு, இரண்டு டூப்புக்கு என்றால் 12 சட்டை. உங்கள் பட்டியலில் மூன்று இருக்கிறது. முதல் ரத்த ஷாட்டில் ரீடேக் வந்தால், துவைத்துக் காய்கிற வரை படப்பிடிப்பு நிற்கும். டூப்பின் சட்டை ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே முழங்கை, முதுகு பேடுகளும் ஹார்னஸும் (ரோப் மாட்டும் உடல் பட்டை) போகும். ரோப் வெளியே வர இடுப்பின் இரு பக்கமும் சிறு திறப்பும் வேண்டும். துணி எடுக்கும்போதே ஒரே துணிச் சுருளிலிருந்து மொத்தமும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த சுருளில் நிறம் லேசாக மாறும்.

ரோப்களைக் கட்டி இயக்கும் ரிக்கர் தனி ஆளாக இருக்க வேண்டும். ஆளைத் தூக்கும் எந்தக் கம்பியும் கொக்கியும் கப்பியும் அதன் அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 80 கிலோ ஆளைத் திடீரென்று இழுத்து நிறுத்தும்போது கம்பியில் விழும் விசை அவர் எடையைப் போலப் பல மடங்கு. ஆள் ஏறும் முன் அதே எடைக்கு மணல் மூட்டை ஏற வேண்டும், அதே வேகத்தில், அதே தூரத்துக்கு. பெரும்பாலும் தவறு நடப்பது கம்பியின் நடுவில் அல்ல. உத்திரத்தின் கூர்விளிம்பில் உரசும் இடத்திலும், முடிச்சு விழுந்த இடத்திலும்தான். முடிச்சு போட்டால் கயிற்றின் வலு வெகுவாகக் குறையும். கம்பியை அழிக்கும் வேலை விஎஃப்எக்ஸுக்குப் போகும் என்பதால், ஒவ்வொரு ரோப் ஷாட் முடிந்ததும் ஆள் இல்லாத அதே ஃபிரேமைச் சில நொடிகள் எடுத்துக் கொடுங்கள். அந்தச் சில நொடிகள் பிறகு பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மாடியிலிருந்து விழுவதை ஒரே ஷாட்டாக எழுதியிருக்கிறீர்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் கீழே வரும்போது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். எல்லாம் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். இதை மூன்றாகப் பிரியுங்கள்: விளிம்பை விட்டு உடல் நீங்குவது, காற்றில் இறங்குவது, தரையில் விழுவது. கடைசியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, மண் தூவி மறைத்த மெத்தைமேல் எடுத்தால் போதும். நடுவில் இருப்பதற்கு ஏர்பேக், அதாவது கீழே விரிக்கும் பெரிய காற்றுப் பை. அதன் பக்கவாட்டுத் திறப்புகள் வழியே காற்று வெளியேறுவதால்தான் ஆள் பந்துபோல எகிறாமல் அமிழ்கிறார். திறப்பு அதிகம் இறுகினால் தூக்கி எறியும், அதிகம் தளர்ந்தால் முதுகு தரையைத் தொடும். காற்றூதிக்கு விளக்குகளோடு சேராத தனி மின்சாரம் கொடுங்கள், ஜெனரேட்டர் டிரிப் ஆனால் பையும் அமிழும். உயரம் குறைவாக இருந்தால் காலி அட்டைப்பெட்டிகள் அருமையானவை, அவை நசுங்கித்தான் விசையை வாங்குகின்றன. நசுங்கியவற்றை அடுத்த டேக்குக்கு மறுபடி நிமிர்த்தி வைக்க விடாதீர்கள். இரவில் பனி படிந்த பெட்டிகளையும் தள்ளிவிடுங்கள்.

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாக. உடைப்பதற்கென்று சர்க்கரைப் பாகில் வார்க்கும் சர்க்கரைக் கண்ணாடி ஈரத்தை இழுக்கும், விளக்குச் சூட்டில் பிசுபிசுக்கும். இப்போது பிளாஸ்டிக் போன்ற ரெசினில் வார்க்கும் கண்ணாடிதான் நம்பகமானது. பெரிய ஜன்னல் என்றால் சிறு துகள்களாகச் சிதறும் டெம்பர்ட் கண்ணாடி வைத்து, உடல் படுவதற்குச் சில ஃபிரேம் முன்பே சின்ன வெடியால் அதைச் சிதறடிப்பார்கள். வெடி தவறினால் ஆள் கண்ணாடியில் மோதித் திரும்பி வருவார். மூன்று டேக் திட்டமிட்டால் ஐந்து கண்ணாடி வாங்குங்கள்.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்க முடியாது. 1984-ல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் வெற்றுத் தோட்டா (வெடிமருந்து மட்டும் உள்ள, குண்டு இல்லாத தோட்டா) இருந்த ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். குண்டு இல்லாவிட்டாலும் வெடிமருந்தின் வாயு அந்தத் தூரத்தில் எலும்பை உடைக்கும். 1993-ல் நடிகர் பிராண்டன் லீ இறந்ததற்குக் காரணம், முன்பு பயன்படுத்திய டம்மி தோட்டாவின் (குண்டு இருந்தும் வெடிமருந்து இல்லாத தோட்டா) முனை குழலுக்குள் சிக்கியிருந்தது. பிறகு போட்ட வெற்றுத் தோட்டா அதை நிஜக் குண்டுபோல வெளியே தள்ளியது. 2021-ல் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தபோது செட்டுக்குள் நிஜத் தோட்டாவே வந்திருந்தது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணம். மூன்றையும் தடுக்க வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் வேண்டும். ஆயுதப் பொறுப்பாளர் ஒவ்வொரு முறை துப்பாக்கியை நிரப்பும் முன்பும் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். டம்மியைக் காதருகே குலுக்கி உள்ளே இருக்கும் சிறு குண்டு உருள்வதைக் கேட்பார், அல்லது உறையில் போட்ட துளையைக் காட்டுவார். நடிகர் கையில் அவரே கொடுப்பார், கட் சொன்னதும் அவரே வாங்குவார். கலைத் துறை உதவியாளருக்கு அன்றைக்கு வேறு நாற்பது வேலை இருக்கும்.

உங்கள் கதைக்கு வெற்றுத் தோட்டா தேவையே இல்லை என்பது என் கருத்து. கேஸில் இயங்கும் மாதிரித் துப்பாக்கியை வைத்துச் சுட்டு, தீப்பொறியைப் பிறகு சேருங்கள். நிஜ வெற்றுத் தோட்டாவிலும் பாதி நேரம் பொறி படத்தில் விழாது; 180 டிகிரி ஷட்டரில் ஃபிரேமின் பாதி நேரம்தான் ஒளி உள்ளே வருகிறது, ஷட்டர் மூடியிருக்கும் மீதிப் பாதியில் பொறி மின்னி மறைந்துவிடலாம். முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு சிறு எல்இடி விளக்கைச் சுடும் கணத்தில் மின்ன வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் பொறியை மட்டும் ஒட்டினால் பார்ப்பவர் நம்ப மாட்டார்.

கார் உருளும் ஷாட்டுக்கு மாஸ்டரிடம் முதலில் காரின் மாடலைச் சொல்லுங்கள். தாழ்வான கார் ரேம்ப் (சாய்தளம்) ஏறினாலும் எளிதில் கவிழாது. அதற்குத்தான் காருக்கு அடியில் பீரங்கிபோல ஒரு குழல் வைத்து, அழுத்தப்பட்ட நைட்ரஜனால் ஒரு தடியைத் தரையில் அறைந்து காரைப் புரட்டுகிறார்கள். 2006-ல் வெளியான 'கேஸினோ ராயல்' படத்துக்காக ஸ்டண்ட் கலைஞர் ஆடம் கர்லி ஏழு முறை உருண்டதும், 2024-ல் வெளியான 'தி ஃபால் கை' படத்துக்காக லோகன் ஹாலடே எட்டரை முறை உருண்டு அந்தச் சாதனையை முறியடித்ததும் இந்த முறையில்தான். காரைத் தயாரிப்பவருக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். உள்ளே இரும்புக் கூண்டு பற்றவைக்க வேண்டும், பெட்ரோல் டாங்கியைக் கழற்றிவிட்டுச் சில லிட்டர் மட்டும் பிடிக்கும் பாதுகாப்புக் கலம் பொருத்த வேண்டும், காரின் சொந்த ஏர்பேக்குகளைத் துண்டிக்க வேண்டும், பேட்டரியை வெளியிலிருந்தே அணைக்கும் சுவிட்ச் வேண்டும். கார் நின்றதும் ஓட்டுநர் கட்டைவிரல் காட்டுவாரா, ஹாரன் அடிப்பாரா என்று முன்பே பேசிவையுங்கள். சைகை வராவிட்டால் மீட்புக் குழு எத்தனை நொடியில் ஓட வேண்டும் என்பதும் பேச்சில் இருக்க வேண்டும்.

எடிட்டருக்கும் ஒலி வடிவமைப்பாளருக்கும் ரிகர்சல் வீடியோவை இப்போதே அனுப்பிவிடுங்கள். ஒரு குத்தின் ஒலியில் துணி உரசல், தோலில் அறை, அடியில் ஒரு கனத்த தட்டு என்று மூன்று அடுக்காவது இருக்கும். எல்லாக் குத்துக்கும் ஒரே அடுக்கைப் போட்டால் இரண்டாவது நிமிடத்தில் காது மரத்துவிடும். எந்த அடி கதையைத் திருப்புகிறது என்று நீங்கள் சொன்னால்தான் மற்றதை அவர் அடக்கி வைப்பார்.

படப்பிடிப்பு நாளில் காலையில் எல்லோரையும் நிறுத்தி அன்றைய ஸ்டண்டை மாஸ்டர் விளக்கட்டும். மருத்துவர், ஆம்புலன்ஸ், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகும் பாதை இவை அன்றைய வேலை விவரம் அச்சிடும் கால்ஷீட்டிலேயே அச்சாகட்டும். ஸ்பாட்டில் உங்களுக்கு ஒரு புது யோசனை வந்தால், 'இன்னும் ஒரு படி மேலிருந்து குதிக்கட்டுமே' என்பதுபோலச் சின்ன மாற்றமாக இருந்தாலும், வேலையை நிறுத்தி மறுபடி ரிகர்சல் செய்யுங்கள். பதினான்கு மணி நேரம் வேலை பார்த்த யூனிட்டிடம் அதைக் கேட்காதீர்கள். மாஸ்டர் முடியாது என்றால் முடியாது. தயாரிப்பாளர் பக்கத்தில் நின்றாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள், வாய்ச்சொல்லாக விட வேண்டாம்.

டைட்டில் பட்டியலிலும் ஒரு திருத்தம். 'ஸ்டண்ட்' என்று மாஸ்டர் பெயரோடு நிறுத்தியிருக்கிறீர்கள். 2027 முதல் வெளியாகும் படங்களின் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் கொடுக்கப்போவதாக அகாடமி 2025-ல்தான் அறிவித்தது. இத்தனை காலம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. ரிக்கர்கள், ஒவ்வொரு நடிகரின் டூப், கார் தயாரித்த மெக்கானிக், ஃபைட்டர்கள் எல்லோருடைய பெயரையும் ரிகர்சலின் முதல் நாளே அவர்கள் கையெழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் போனில் கேட்டால் பாதிப் பெயர் விட்டுப்போகும், மீதியில் எழுத்துப் பிழை வரும்.

திருத்திய திட்டத்தை அனுப்புங்கள். மாஸ்டரின் தேதியை முதலில் உறுதி செய்துவிட்டு மற்ற நாள்களைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்