காயின் ஷோ போற மெம்பர்ஸ் கவனத்துக்கு

எல்லாரும் இத ஒருதடவ படிச்சிருங்க. கேட்லாக்ல (காயின் வெலப் பட்டியல் புத்தகம்) போட்டிருக்க ரேட்ட மட்டும் நம்பி பேரம் பேசாதீங்க, அதே காயின் அதே கிரேடுல (காயின் எவ்ளோ தேயாம நல்லா இருக்குங்கிற தரம்) சமீபத்துல ஏலத்துல எவ்ளோக்குப் போயிருக்குன்னு பாத்து வச்சுக்கிட்டுப் போங்க, அந்தத் தொகைல வாங்குறவர் ஏலக் கம்பெனிக்குக் குடுக்குற கமிஷனும் சேந்திருக்கான்னும் பாருங்க. தங்கம், வெள்ளின்னா அன்னிக்கு மெட்டல் ரேட்டும் தெரிஞ்சிருக்கணும்.

காயின ஓரத்துல புடிச்சு, லைட்டுக்குக் கீழ சாய்ச்சு சாய்ச்சு லென்ஸ்ல பாருங்க. தேச்சுக் கழுவினதா இருந்தா மெல்லிசு கீறல் ஒரே திசைல ஓடும், அதுக்கெல்லாம் முழு ரேட் குடுக்க வேணாம். பிசிஜிஎஸ், என்ஜிசி ஸ்லாப்னா (அந்த கம்பெனிங்க காயின சோதிச்சு, கிரேடு போட்டு சீல் வச்ச பிளாஸ்டிக் டப்பா) சர்ட்டிஃபிகேட் நம்பர அவங்க சைட்டுல செக் பண்ணிட்டு அப்புறம் வெல பேசுங்க, ஸ்லாப்லயே டூப்ளிகேட் வருது.

"கடைசியா என்ன ரேட் சொல்றீங்க?"ன்னு மரியாதையா கேட்டாலே நிறைய டீலருங்க எறங்கி வருவாங்க. எடுத்தவுடனே பாதி வெலைக்குக் கேட்டு கடுப்பேத்தாதீங்க, அவரும் டேபிள் வாடகை குடுத்துட்டுதான உக்காந்திருக்காரு! ரெண்டு மூணு காயின சேத்து எடுத்தா இன்னும் கொறையலாம். கடைசி நாள்ல எறக்குவாங்கதான், ஆனா நல்ல சரக்கு அதுக்குள்ள போயிரும். ரேட் ஒத்துக்கிட்ட அப்புறம் மறுபடி கொறைக்கச் சொல்றது அசிங்கம், நம்ம குழு பேரும் சேந்து கெடும். பில்லுல கிரேடையும் எழுதி வாங்கிக்கோங்க.