கேட்டுவிட்டுச் செய்தவர்களுக்கு

ஒரு நாளில் நான் சொல்லும் நன்றிகளுக்குக் கணக்கில்லை. சாலையைக் கடக்கும் எண்ணமே இல்லாமல் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் விட்டவருக்கும் நன்றி. "பாவம், பார்வை இல்லாமலே இவ்வளவு படிச்சிருக்கீங்களே" என்று உச்சுக்கொட்டியவருக்கும் நன்றி. முறைத்துக்கொள்ள முடியாது, நாளைக்கு நிஜமாகவே ஒரு கை தேவைப்படலாம். அவையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவை. இது நானாக விரும்பி எழுதுவது.

"உரிமைக்கு எதுக்குடி நன்றி?" என்று தோழி திட்டினாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் சட்டம் தாளில் இருந்த வருஷங்களிலும் எனக்குப் பாடப்புத்தகம் கிடைக்காமல்தான் இருந்தது.

முதலில், தேர்வில் எனக்காக எழுதிய அக்காவுக்கு. சொல்வதை எழுத வருபவர்களில் சிலர் என் விடையைத் 'திருத்தி' எழுதுவார்கள். சிலர் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பேனாவை மூடிவிடுவார்கள். நீங்கள் முதல் தேர்வுக்கு முந்தின நாளே வந்து, "வேகமா சொல்வீங்களா, நிறுத்தி நிறுத்திச் சொல்வீங்களா? கமா, புள்ளியெல்லாம் நீங்களே சொல்வீங்களா, நான் போட்டுக்கவா?" என்று கேட்டீர்கள். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு கேள்விக்கு நான் தப்பாகச் சொன்ன விடையை அப்படியே எழுதினீர்கள். வெளியே வந்த பிறகு, "அது தப்புன்னு தெரியும், கை துறுதுறுன்னுது" என்று சிரித்தீர்கள். அந்த இரண்டு மதிப்பெண் போனதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. தப்பும் என்னுடையதாகவே இருந்தது.

நூலகர் ஐயாவுக்கு. ஸ்கேன் செய்த பக்கங்கள் கண்ணுக்குத்தான் எழுத்து. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், வாயே திறக்காது. முந்நூறு பக்கத்தை எழுத்தாக மாற்றி, பிழை பார்த்துக் கொடுத்தீர்கள். பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று மேலே இருந்தவர்கள் தயங்கியபோது, பார்வையற்றோருக்கான பிரதிகளுக்கு விலக்கு அளிக்கும் 2013 மரகேஷ் உடன்படிக்கையை அச்செடுத்து மேசையில் வைத்தது நீங்கள்தான். நீங்கள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

முகம் தெரியாத இருவருக்கும் சொல்ல வேண்டும். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே: ஆஸ்திரேலியர்கள், இருவரும் பார்வையற்றவர்கள். அவர்கள் உருவாக்கிய, 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது. விலைக்கு வாங்கும் மென்பொருளுக்குக் காசில்லாத என்னைப் போன்றவர்களைக் கணினி முன் உட்கார வைத்தது அதுதான். அதன் தகரக் குரலை வீட்டில் யாரும் சகிப்பதில்லை. எனக்கு அது பழகிய குரல்.

வேலைக்கு வருகிறேன். நான் போன ஒரு நேர்காணலில் என் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி. கழிவறைக்கு எப்படிப் போவேன் என்பதைப் பற்றி நான்கு. இப்போதைய குழுத்தலைவர் முதல் நாள் கேட்டது, "நாங்க அனுப்புறதுல எதெல்லாம் உங்களுக்குப் படிக்காது?" என்பதை மட்டும். படமாக அனுப்பிய விளக்கப்படங்கள் மறு வாரமே அட்டவணைகளாக வந்தன. தக்க ஏற்பாடு செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்று 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. சார், நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். படிக்காமலே செய்தீர்கள்.

மருத்துவமனையில் அந்த சிஸ்டருக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மருத்துவர் என் தம்பியைப் பார்த்து, "இவங்களுக்கு எங்க வலிக்குது?" என்றார். வயிறு என்னுடையது. தம்பி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "அவங்ககிட்டயே கேளுங்க டாக்டர்" என்றீர்கள். ரொம்ப சாதாரணமாக, மருந்துப் பெயர் சொல்வதுபோல. அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை, தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினீர்கள். அதில் எனக்குப் பிடிக்காத ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி நான் மருத்துவரிடம் கேட்கும்வரை கையெழுத்து வாங்கவில்லை. அதுவரை எத்தனை தாள்களில் "இங்க போடுங்க" என்ற இடத்தில் போட்டிருப்பேன்! ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரே மாதிரி இருந்த இரண்டு மாத்திரைப் பெட்டிகளில் காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுத்தீர்கள். அந்த ரப்பர் பேண்ட் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

தம்பி, நீயும் அன்றைக்குப் பிறகு எனக்காகப் பதில் சொல்வதை விட்டுவிட்டாய். சில நாள் மறந்துபோகிறாய். பரவாயில்லை.

கடைசியாக ஒருவர். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து, தொடாமல், "உதவி ஏதும் வேணுங்களா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். "சரிங்க" என்று போய்விட்டீர்கள். அவ்வளவுதான். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கும் நன்றி.